"அஞ்சு குண்டும் ஒரே ஓட்டை சார்!" அட்டையைக் காட்டி விற்கிற ரைபிளை நம்பலாமா?

பிள்ளைச்சாவடி:-

"அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையிலே போச்சு. நீங்களே பாருங்க சார்!"

போட்டி ரைபிள் விற்கிறவர்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டும்போது சொல்லும் வசனம் இது. வெள்ளைக்காரன் ஊரிலும் இதுதான், நம்ம ஊரிலும் இதுதான். அட்டையின் நடுவே ஒரே ஒரு கிழிசல் இருக்கும். ஐந்து குண்டும் அதற்குள் போயிருக்கும். பார்த்தவன் வாயைப் பிளப்பான். பிறகு பர்ஸைப் பிளப்பான்.

அந்த அட்டை பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

பிள்ளைச்சாவடியில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டுக்குப் பக்கத்தில், முன்பு பொறியியல் கல்லூரியாக இருந்து இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிவிட்ட வளாகம் இருக்கிறதே, அந்த ஊர்தான். பையன் என்.சி.சி.யில் சேர்ந்தான். தரையில் படுத்து 'பாயிண்ட் டூ டூ' ரைபிளில் சுட்டான். குண்டுகள் நெருக்கமாக விழுந்தன. "நல்லா சுடறியேப்பா" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். போச்சு! மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று கனவு வந்துவிட்டது.

அப்பா பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுப் போட்டி ரைபிள் விலை லட்சக்கணக்கில். பழசு ஒன்று விலைக்கு வருகிறது. கூடவே அந்த அட்டையும் வருகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சட்டை வாங்குகிறவன்கூட தையலைப் புரட்டிப் பார்த்துத்தான் காசை எடுக்கிறான். லட்ச ரூபாய்ச் சாமானை ஒரு அட்டையைப் பார்த்து வாங்கலாமா?

சட்டைப் பித்தானுக்குக் குறி

முதலில் குறி எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும்.

50 மீட்டர் ரைபிள் போட்டியில் இலக்கு அட்டையின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். உங்கள் சட்டைப் பித்தான் அளவு! அதை 50 மீட்டர் தூரத்தில் இருந்து அடிக்க வேண்டும். ஒன்பதாம் வட்டம் 26.4 மில்லிமீட்டர்.

குண்டின் குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே மேல் புள்ளி உண்டு. ஆகவே குண்டின் மையம் நடுப்புள்ளியில் இருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. தாண்டினால் ஒன்பது.

கணக்கு எளிது. சுட்ட குண்டுகளின் மையங்கள் எல்லாம் 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கி, அந்த வட்டமும் சரியாக நடுவில் உட்கார்ந்தால் எல்லாமே பத்துதான். இந்த 16 மில்லிமீட்டரை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரைபிளை எடை போட இதுதான் படிக்கல்.

ஒரே ஒரு புள்ளி!

'ஒரு குண்டு ஒன்பதில் போனால் என்ன, குடி முழுகிப் போகுமா?' என்று கேட்கலாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் போட்டிக்கு இந்தியாவில் இருந்து இரண்டு பேர் போனார்கள். ஒருவர் மராட்டிய மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்துக்காரர் ஸ்வப்னில் குசாலே. அப்போது ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை. இன்னொருவர் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர்.

முழங்கால் போட்டு 20 குண்டு, படுத்து 20, நின்று 20. மொத்தம் 60 குண்டு, 600 புள்ளி. குசாலே 590 எடுத்தார். ஏழாவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போனார். மறுநாள் அல்ல, மறுவாரமும் அல்ல, என்றென்றைக்கும் அவர் வெண்கலப் பதக்கம் வென்றவர். இறுதிச் சுற்றில் அவர் எடுத்தது 451.4.

தோமர் எடுத்தது 589. பதினொன்றாவது இடம். வீட்டுக்குத் திரும்பினார்.

590-க்கும் 589-க்கும் நடுவே ஒரு புள்ளி. அறுபது குண்டில் ஏதோ ஒன்று ஒரு நூல் விலகி விழுந்தாலே அந்த ஒரு புள்ளி போய்விடும்.

அதற்கு முன்பு 2012 லண்டன் ஒலிம்பிக். 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டி. (அந்தப் போட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கோடு ஒலிம்பிக்கில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது.) கொல்கத்தாவின் ஜாய்தீப் கர்மாகர் 699.1 எடுத்து நாலாவதாக வந்தார். வெண்கலம் வாங்கிய ஸ்லோவேனியாக்காரர் டெபேவெச் எடுத்தது 701.0. வித்தியாசம் 1.9 புள்ளி. அதே போட்டியில் தங்கம் வாங்கிய பெலாரஸ் வீரர் மார்த்தினோவ் தகுதிச் சுற்றில் அறுபது குண்டுக்கு அறுபதும் பத்து அடித்தார். 600-க்கு 600! சென்னையில் பிறந்த ககன் நாரங்கும் அதில் கலந்துகொண்டார். இறுதிச் சுற்றுக்கு வர முடியவில்லை.

இப்படிப்பட்ட போட்டியில் அறுபது குண்டும் கணக்கு. ஐந்து குண்டு அட்டை எந்த மூலைக்கு?

பஸ்ஸும் குண்டும்

தினமும் ஈ.சி.ஆர். ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். திங்கட்கிழமை பஸ் டாண் என்று நேரத்துக்கு வந்தது. உடனே 'இந்த பஸ் நேரம் தவறாது' என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். ஒரு மாதம் பார்ப்பீர்கள். அந்த மாதத்தில் எந்த நாள் ரொம்ப லேட்டோ, அந்த நாள்தான் ஆபீஸில் திட்டு வாங்கித் தரும்.

குண்டும் அப்படித்தான். 'குரூப்' என்று அளப்பது எதை? அட்டையில் ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி விழுந்த இரண்டு குண்டுகளின் தூரத்தை. அதாவது மோசமான இரண்டைத்தான் அளக்கிறோம். அதிகம் சுடச் சுட மோசமானது வரும் வாய்ப்பும் அதிகம். அதனால் குரூப் பெரிதாகிக்கொண்டே போகும். ரைபிள் கெட்டுப்போனதால் அல்ல.

ஒரு ரைபிள் ஐந்து குண்டுக்குச் சராசரி 12 மில்லிமீட்டர் காட்டினால், அதே ரைபிள் பத்துக் குண்டுக்குச் சுமார் 15 காட்டும். இது புள்ளிவிவரக் கணக்கு. அறுபது குண்டுக்கு இன்னும் விரியும்.

வேடிக்கை இன்னொன்று இருக்கிறது. சராசரி 12 என்ற அதே ரைபிளில் பத்து அட்டை சுட்டால் ஒன்றில் 8 வரும், இன்னொன்றில் 16 வரும். ரைபிளும் அதே, தோட்டாவும் அதே, ஆளும் அதே. எட்டு வந்த அட்டை சட்டைப்பைக்குப் போகிறது. பதினாறு வந்த அட்டை குப்பைத் தொட்டிக்குப் போகிறது. இதற்குத்தான் சொன்னேன், அட்டை பொய்யில்லை என்று!

'அந்த ஒரு குண்டு மட்டும் என் கை தப்பு சார், அதைக் கணக்கிலே எடுக்காதீங்க' என்று விரலால் மறைத்துக் காட்டுவதும் உண்டு. போட்டியில் நடுவர் அப்படி மறைத்துப் பார்க்க மாட்டார்.

25 கெஜத்தில் புலி, 50 மீட்டரில்?

என்.சி.சி. மாணவர்கள் வழக்கமாகச் சுடுவது 25 கெஜம், அதாவது 23 மீட்டர் தூரம். 'அங்கே குரூப் இவ்வளவு வந்தால் 50 மீட்டரில் அதைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதானே' என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு.

காற்று குண்டைத் தள்ளுகிற தூரம், பாதை இரு மடங்கானால் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுவதால் குண்டு மேலே, கீழே விழும் வித்தியாசமும் அப்படியே நாலு மடங்கு. கிட்டத்தில் ஒளிந்துகொண்டிருந்த குற்றம் எல்லாம் தூரத்தில் வெளியே வந்துவிடும். 50 மீட்டர் போட்டிக்கு ரைபிள் வாங்கினால் 50 மீட்டரில்தான் சுட்டுப் பார்க்க வேண்டும்.

காற்று என்றதும் நம்ம ஊர் நினைவு வருகிறது. பிள்ளைச்சாவடி கடற்கரையைக் கடல் அரிப்புச் செய்தியில்தான் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மாலையில் அங்கே நின்று பாருங்கள். கடல் காற்று ஒரு நேரம் சட்டையைத் தூக்கும், அடுத்த நிமிஷம் ஓயும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, 50 மீட்டர் போவதற்குள் இந்தச் சின்னக் குண்டை ஒரு அங்குலம் அளவுக்குத் தள்ளிவிடும். பாதி வேகம் என்றால் அரை அங்குலம். பத்துக்கு நமக்கு இருக்கும் இடமோ 8 மில்லிமீட்டர்தான்!

ஆகவே ரைபிளைச் சோதிப்பதற்குக் காற்று இல்லாத அதிகாலை நல்லது. சுடுகிறவனைச் சோதிப்பதற்குத்தான் மாலைக் காற்று.

குற்றவாளி தோட்டாவா?

இந்த வகைத் தோட்டாவுக்கு 'ரிம்பயர்' என்று பெயர். பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவில் தனியாக ஒரு சின்ன மூடி இருக்கும். அதில்தான் வெடிமருந்து. ரிம்பயரில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு மடிப்புக்குள்ளேயே மருந்தை ஈரமாக வைத்துச் சுழற்றி அடைக்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். 1887-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்த '.22 லாங் ரைபிள்' தோட்டாதான் இன்றைக்கும் ஒலிம்பிக் வரை போகிறது.

அந்த மடிப்பு முழுவதும் மருந்து ஒரே சீராகப் பரவ வேண்டும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இருந்தால் வேகம் மாறும். வினாடிக்கு 10 மீட்டர் வேகம் குறைந்தாலே 50 மீட்டரில் குண்டு சுமார் 7 மில்லிமீட்டர் கீழே இறங்கும். பத்து, ஒன்பதாகிவிடலாம்.

பெரிய தோட்டா என்றால் வீட்டில் தராசு வைத்து மருந்து நிறுத்துப் போட்டுச் சரிசெய்துகொள்ளும் ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ரிம்பயரில் அந்தப் பாச்சா பலிக்காது. பாக்டரியில் என்ன வந்ததோ அதுதான். அதனால் 'லாட்' பார்த்து வாங்குகிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் ஒரு லாட் இந்த ரைபிளுக்கு ஒத்துப்போகும், அடுத்த லாட் முரண்டு பிடிக்கும். பக்கத்து ஆள் ரைபிளில் நேர்மாறாக இருக்கும்!

இங்கிலாந்தில் ஈலி கம்பெனி, ஜெர்மனியில் லாபுவா கம்பெனி இரண்டும் இதற்கென்றே மூடிய கூடம் வைத்திருக்கின்றன. வீரர் ரைபிளைக் கொண்டுபோவார். பட்டறையில் இரும்பை வைஸில் பிடிப்பதுபோல ரைபிளை இறுகப் பிடித்து வைத்து, ஒவ்வொரு லாட்டாகச் சுட்டு அளந்து, எது நன்றாக விழுகிறதோ அந்த லாட்டை மொத்தமாக வாங்கிப்போவார். உச்சத்தில் இருக்கிறவர்களே ரைபிளை மட்டும் நம்புவதில்லை.

ஒரே ஒரு பெட்டித் தோட்டாவில் சுட்டுப் பார்த்துவிட்டு 'ரைபிள் சரியில்லை' என்று தள்ளுவதும், 'பிரமாதம்' என்று தூக்குவதும் ஒரே மாதிரித் தவறுதான். மூன்று நான்கு வகைத் தோட்டாவாவது வேண்டும். வகை மாற்றியதும் முதல் பத்துக் குண்டை எண்ணக்கூடாது. குழலுக்குள் பழைய தோட்டாவின் மெழுகு இருக்கும். அது மாறிப் புதுசு படிய வேண்டும்.

3-ம் 4-ம் எவ்வளவு?

இங்கேதான் கடைக்கார அப்பா கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. அவருக்கு லாப நஷ்டக் கணக்கு நன்றாகப் புரியும்.

அட்டையில் தெரியும் சிதறலில் ரைபிளும் தோட்டாவும் செய்வது ஒரு பங்கு. பையனின் கை, மூச்சு, கண், காற்றைப் படிக்கும் புத்தி செய்வது இன்னொரு பங்கு. இரண்டையும் அப்படியே கூட்டக்கூடாது. பள்ளிக்கூடத்தில் செங்கோண முக்கோணம் படித்தோமே, அந்த மாதிரிக் கூட்ட வேண்டும். 3-ம் 4-ம் சேர்ந்தால் 7 அல்ல, 5.

பையனின் பங்கு 24 மில்லிமீட்டர், ரைபிள் பங்கு 16 என்று வையுங்கள். மொத்தம் சுமார் 29. இப்போது லட்சக்கணக்கில் கொட்டி 10 மில்லிமீட்டர் ரைபிள் வாங்கினால்? மொத்தம் 26. மூன்றே மில்லிமீட்டர் லாபம்! பழைய 16 ரைபிளையே வைத்துக்கொண்டு, பையன் பழகிப் பழகித் தன் பங்கை 18-க்குக் கொண்டுவந்தால்? மொத்தம் 24.

பையன் கெட்டிக்காரனாக ஆக ஆகக் கதை மாறும். அவன் பங்கு 10-க்கு வந்துவிட்டால் அப்புறம் ரைபிளின் 16 தான் முட்டுக்கட்டை. தோமர் மாதிரி, குசாலே மாதிரி ஆட்களுக்கு ரைபிளில் இரண்டு மில்லிமீட்டர் என்பது வாழ்க்கை. நம்ம பையனுக்கு இன்றைக்கு அது வெறும் ஆசை.

ஆகவே வைஸில் வைத்துச் சுட்ட அட்டையைவிட, பையன் தோளில் வைத்துச் சுட்ட அட்டைதான் இந்த வீட்டுக்கு முக்கியம். அடிக்கட்டை அவன் கன்னத்துக்கு ஒட்டுகிறதா? விசை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடுகிறதா? 8 கிலோ வரை கனம் இருக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தக் கனத்தைப் பதினைந்து வயசுப் பையன் நின்று தாங்குவானா? 10 மில்லிமீட்டர் ரைபிள் அவன் தோளுக்கு ஒவ்வாமல் போனால் அது 30 மில்லிமீட்டர் ரைபிள்தான்.

எப்படிப் பார்த்து வாங்குவது?

விற்கிறவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும். "அட்டை இருக்கட்டும் சார். நான் வந்து சுட்டுப் பார்க்கலாமா?" லைசென்ஸ் உள்ள கிளப் மைதானத்தில், பொறுப்பாளர் முன்னிலையில்தான். மாட்டேன் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

முதலில் மேஜையில் மணல் மூட்டை வைத்து, ரைபிளை அதில் சாய்த்து, 50 மீட்டரில் பத்துப் பத்தாக நாலு அட்டை. ஒன்றையும் தூக்கிப் போடக்கூடாது. நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நாற்பது குண்டும் எங்கே போகின்றன என்று தெரிந்துவிடும். நாலு குரூப்பும் சின்னதாக இருந்து, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஜாக்கிரதை! குழலைக் கட்டையோடு பிணைக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், குறிகாட்டி ஆடலாம். சின்ன குரூப்பைப் பார்த்து மயங்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அளக்கும்போது ஓரத்துக்கு ஓரம் அளந்து, குண்டின் 5.6 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும்.

அப்புறம் பையன் படுத்து, போட்டி நேரக் கணக்கோடு அறுபது குண்டு. இடையில் நிறுத்தாமல். புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். பழைய ரைபிளில் அவன் எடுக்கும் புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் போதாது, இரண்டு மூன்று நாள்.

இரண்டு ரைபிளை வைத்துக்கொண்டு ஒன்று 14, இன்னொன்று 15 மில்லிமீட்டர் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நாலைந்து அட்டையில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. காசைச் சுண்டிப் போட்டுப் பார்க்கிற மாதிரிதான். விலை குறைந்ததை வாங்கி, மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்குவது புத்திசாலித்தனம்.

போலீஸ் விவகாரம்

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காலம் தள்ளும் நிருபர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

பாயிண்ட் டூ டூ பார்க்கச் சின்னது. குண்டு வெறும் 2.6 கிராம். அதனால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. மேல்நோக்கிச் சுட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய் விழும். தென்னந்தோப்பிலோ, கடற்கரையிலோ 'சும்மா டெஸ்ட்' பண்ணினால் வழக்குதான். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி இதற்கு லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் கைக்கு வருமுன் பணத்தைக் கொடுத்து ரைபிளை வீட்டுக்குத் தூக்கி வருவது குற்றம். தோட்டாவுக்கும் கணக்கு உண்டு.

இந்தத் தொல்லை வேண்டாம் என்கிறவர்கள் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குகிறார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலூரில் 1999-ல் பிறந்து, குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அந்தத் துப்பாக்கியில்தான் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போய் வந்தார். அங்கே கடல் காற்றுத் தொல்லை இல்லை. கூடத்துக்குள்தான் சுட வேண்டும். ஆனால் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர்! ஒரு முற்றுப்புள்ளி அளவு.

நம்ம பிள்ளைச்சாவடிப் பையன் பாயிண்ட் டூ டூ தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அப்பா முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு நாளும் தேதி, தோட்டாவின் லாட் நம்பர், காற்று எந்தப் பக்கம், அறுபது குண்டுக்கு எத்தனை புள்ளி என்று பையன் எழுதட்டும். மோசமான நாளையும் சேர்த்து எழுதட்டும். ஆறு மாதம் கழித்து யாராவது சட்டைப்பையில் இருந்து அட்டையை எடுத்தால், அவன் இந்த நோட்டை எடுத்து நீட்டலாம்.